மீட்டரைப் பார்த்து வாங்குவதா, வண்டியைப் பார்த்து வாங்குவதா?

ஒரு காலத்தில் லயத்து வாசலில் சைக்கிள் நின்றது. பிறகு மோட்டார் சைக்கிள் வந்தது. இப்பொழுது பல தோட்டங்களில் பழைய பிக்கப் வண்டிகள் நிற்கக் காண்கிறோம். இதைக் கண்டு முகம் சுளிப்போரும் உளர். "கையில் நாலு காசு வந்ததும் தொழிலாளிக்குத் தலைகால் தெரியவில்லை" என்று அவர்கள் பேசுகிறார்கள். அந்தப் பேச்சை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. காலையில் பால் வெட்டிவிட்டு மாலையில் புல் வெட்டும் குத்தகைக்குப் போகிறவருக்கும், வேலை ஓய்வு பெற்றபின் சிறு தோட்டக்காரரின் மரங்களை வாரத்துக்கு வெட்டிக் கட்டிப்பாலை விற்பனை நிலையத்துக்குக் கொண்டுபோகிறவருக்கும் பிக்கப் ஆடம்பரமன்று. வெட்டுக்கத்தியைப் போல் அதுவும் ஒரு தொழிற்கருவி.

ஆகவே, வாங்கலாமா கூடாதா என்பதன்று நம் கேள்வி. எப்படி வாங்குகிறோம் என்பதே கேள்வி. சம்பள நாள் மாலையில் காப்பிக் கடையில் காது கொடுத்தால் தெரியும். பழைய பிக்கப் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது என்றதும் எல்லாரும் கேட்கும் முதற்கேள்வி, "மீட்டர் எவ்வளவு?" என்பதுதான். இரண்டாவது கேள்வி, "மாதம் எவ்வளவு கட்டவேண்டும்?" என்பது. இவ்விரண்டுக்கும் மனத்துக்கு உகந்த பதில் கிடைத்துவிட்டால் பேரம் முடிந்தது. நம்மவரில் பலர் ஏமாந்தது இந்த இரண்டு கேள்விகளோடு நின்றதனால்தான் என்பது நம் கருத்து.

மீட்டரும் ஒரு தராசுதான்

நாம் தராசின் முன் நின்று பழகியவர்கள். பால் நிறுக்கும்போது எண் எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்க்காத வெட்டுக்காரர் உண்டா? காய்ந்த ரப்பரின் விகிதத்தைக் கிராணி எழுதும்போது மனத்துக்குள் கணக்குப் போடாதவர் உண்டா? சொந்தப் பாலை நிறுக்கும் தராசையே ஒன்றுக்கு இரண்டு முறை பார்க்கும் நாம், முன்பின் தெரியாதவருடைய வண்டியின் மீட்டரை மட்டும் வேதவாக்காக எடுத்துக்கொள்வது எப்படிச் சரியாகும்? பழைய மீட்டரைக் கையால் திருப்பினார்கள். இக்கால மின்னணு மீட்டரைக் கருவி வைத்து மாற்றுகிறார்கள். மாற்றுவதற்கு அதிக நேரமும் ஆவதில்லை.

அதற்காக மீட்டரைப் பார்க்கவே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பார்த்துவிட்டுக் கணக்குப் போடவேண்டும். பத்து ஆண்டு ஓடிய பிக்கப் ஒன்றின் மீட்டர் 80,000 கிலோமீட்டர் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 8,000, நாளொன்றுக்கு 22 கிலோமீட்டருக்கும் குறைவு. வேலைக்கென்று வாங்கிய பிக்கப் இவ்வளவு குறைவாகவா ஓடியிருக்கும்? ஓடியிருக்கலாம். ஆனால் அதற்கான காரணத்தை விற்பவர் சொல்ல வேண்டும். பராமரிப்புப் புத்தகம் அதை மெய்ப்பிக்க வேண்டும். பிரேக் மிதியின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து, ஸ்டியரிங் மழுங்கி, ஓட்டுநர் இருக்கையின் ஓரம் கிழிந்திருக்கும் வண்டி 80,000 என்று சொன்னால், மீட்டரை நம்புவதா, மிதியை நம்புவதா? மிதிக்குப் பொய் சொல்லத் தெரியாது.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 3521 என்றிருந்தால் அந்த டயர் 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. குறைவாக ஓடிய வண்டி என்று மகிழ்ந்து வாங்கிய மறுமாதமே, வயதாகி வெடித்த நான்கு டயர்களையும் மாற்ற நேர்ந்தால் மகிழ்ச்சி எங்கே போகும்?

இன்னொன்றும் சொல்வோம். மரத்தின் வயதை மட்டும் கேட்டு அதன் மதிப்பைச் சொல்லும் வெட்டுக்காரர் எவருமில்லை. அவர் பட்டையைப் பார்ப்பார். பழைய வெட்டில் காயம் பட்டிருக்கிறதா, புதுப்பட்டை சமமாக வளர்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். நல்ல கையால் வெட்டப்பட்ட பழைய மரம், முரட்டுக் கையில் சிக்கிய இளமரத்தைவிட அதிகம் பால் தரும். வண்டியும் அப்படியே. முறையாக எண்ணெய் மாற்றி 200,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி, கவனிப்பாரின்றி 100,000 ஓடிய வண்டியைவிட மேலானதாக இருக்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. 2005ஆம் ஆண்டு வெளிவந்த தலைமுறை ஹைலக்ஸின் டீசல் எஞ்சினில் டைமிங் பெல்ட் உண்டு. அதை ஏறக்குறைய 150,000 கிலோமீட்டரில் மாற்றியாக வேண்டும். மாற்றாமல் ஓட்டி அது அறுந்தால் எஞ்சினுக்கே கேடு. 2015ஆம் ஆண்டு வந்த தலைமுறையின் ஜீடி டீசல் எஞ்சினில் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி. இப்பொழுது, பெல்ட் மாற்றாத 145,000 கிலோமீட்டர் வண்டி ஒன்றும், பெல்ட் மாற்றி ரசீது வைத்திருக்கும் 165,000 கிலோமீட்டர் வண்டி ஒன்றும் ஒரே விலைக்கு வந்தால் எதை எடுப்பது? மீட்டரை மட்டும் பார்ப்பவர் முதலாவதை எடுப்பார். அடுத்த மாதமே பட்டறையில் பணம் கட்டுவார்.

அடியில் குனிந்து பார்க்க வேண்டும்

பிக்கப்பின் உயிர் அதன் சட்டத்தில், அதாவது சாசியில், இருக்கிறது. பளபளக்கும் சாயத்தைப் பார்ப்பவர் பலர். மண்ணில் படுத்து அடிப்பக்கத்தைப் பார்ப்பவர் சிலர். கட்டிப்பாலிலிருந்து வடியும் புளித்த நீர் இரும்பை எப்படித் தின்னும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கட்டிப்பால் ஏற்றிய வண்டியின் பின்தட்டில் விரித்திருக்கும் பிளாஸ்டிக்கைத் தூக்கிப் பார்க்க வேண்டும். அடியில் துரு பொரிந்திருந்தால் அது சாசியிலும் இறங்கியிருக்கும். பின்பக்கத்து இலை வில்கள் ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால், அவ்வண்டி தன் சக்திக்கு மேல் சுமந்தது என்பது பொருள். பிக்கப் ஏறக்குறைய ஒரு டன் சுமக்கச் செய்யப்பட்டது. அதன்மேல் இரண்டு டன் ஏற்றியவரின் பாவத்தை நாம் விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியும் சந்தைக்கு வரும். 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கு வெள்ளத்தில் எத்தனை வாகனங்கள் நீரில் கிடந்தன என்பதை எல்லாரும் பார்த்தோம். இருக்கைப் பட்டையைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை அங்கே ஒளிந்திருக்கும். இருக்கையின் அடியிலுள்ள இரும்பைப் பாருங்கள். கழுவியவர் அங்கே கை விட்டிருக்கமாட்டார்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது காலையில் போய் நாமே முடுக்க வேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்த வண்டி குறையை மறைக்கும். கரும்புகை, நீலப்புகை, வெண்புகை ஒவ்வொன்றும் ஒரு நோயைச் சொல்லும். இவற்றை அறிந்த பட்டறைக்காரர் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துப் போவதே சிறந்தது. அவருக்குக் கொடுக்கும் 100 அல்லது 200 வெள்ளியைச் செலவு என்று எண்ணாதீர். ஆனால் விற்பவர் கூட்டி வரும் பட்டறைக்காரர் நமக்கு வேண்டாம்.

வசதி யாருக்கு?

நிற்க. வண்டியின் வசதிகளைப் பற்றிச் சில சொற்கள். நான்கு கதவா, இரண்டு கதவா? நான்கு சக்கர இழுவை வேண்டுமா? கியர் கையால் போடுவதா, தானே மாறுவதா? தொலைக்காட்சிப் பெட்டி போன்ற திரை, தோல் இருக்கை, பெரிய சக்கரம், இவையெல்லாம் வேண்டுமா?

இதற்குப் பதில் வண்டியில் இல்லை. நம் வேலையில் இருக்கிறது. மழைநாளில் செம்மண் மேட்டில் ஏறிக் கட்டிப்பால் இறக்க வேண்டியவருக்கு நான்கு சக்கர இழுவை தேவை. அவர் அதற்குப் பணம் கொடுப்பது நியாயம். அந்த நெம்புகோல் உண்மையில் வேலை செய்கிறதா என்று மண் பாதையில் ஓட்டிப் பார்ப்பதும் அவசியம். தார்ச் சாலையில் புல் வெட்டும் இயந்திரம் ஏற்றிப் போகிறவருக்கு அது தேவையில்லை. வாங்கும்போதும் அதற்குப் பணம், பழுதானாலும் அதற்குப் பணம், டீசலும் சற்று அதிகம். நான்கு கதவு வண்டியில் குடும்பம் உட்காரலாம். ஆனால் பின்தட்டு குறுகும். திரையும் தோல் இருக்கையும் ஒரு கிலோ பாலைக்கூடச் சுமக்கமாட்டா.

இங்கே ஓர் எச்சரிக்கை. பின்தட்டு சரக்குக்கு உரியது, ஆட்களுக்கு உரியதன்று. பிள்ளைகளையோ உடன் வேலை செய்வோரையோ தட்டில் ஏற்றிப் போவது சட்டத்துக்கும் விரோதம், உயிருக்கும் விரோதம். தூரத்து வெட்டுக்காட்டுக்கு ஆட்களைக் கொண்டுசெல்லும் பொறுப்பு நிருவாகத்தினுடையது. "உன்னிடம்தான் பிக்கப் இருக்கிறதே, நாலு பேரை ஏற்றி வா" என்று யாரேனும் சொன்னால், தயவு தாட்சண்யம் பாராமல் மறுக்க வேண்டும். தோட்டத்துச் சரக்கை நம் வண்டியில் ஏற்றச் சொன்னால் வாடகையை எழுத்தில் கேட்க வேண்டும். நாம் கடன்பட்டு வாங்கிய வண்டி நிருவாகத்தின் இலவச வண்டி ஆகிவிடலாகாது.

மாதத் தவணை விலையன்று

இனி விலைக்கு வருவோம். வண்டிக் கடைக்காரர் "மாதம் 600 சொச்சம்தான்" என்பார். அந்தச் "சொச்சம்தான்" என்னும் சொல்லில்தான் சூது இருக்கிறது. ஒரு கணக்கைப் பார்ப்போம்.

வண்டி விலை 45,000 வெள்ளி. முன்பணம் 4,500. கடன் 40,500. ஆண்டு வட்டி 4.5 சதவீதம், ஏழு ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். வட்டியை முதற்கடன் முழுவதன் மேலும் ஆண்டுதோறும் போடும் கணக்கானால், வட்டி மட்டும் 12,757 வெள்ளி 50 காசு. மாதத் தவணை 634 வெள்ளி. முன்பணத்தையும் சேர்த்தால் வண்டியின் உண்மை விலை 57,757 வெள்ளி 50 காசு. இதே வட்டியில் 28,000 வெள்ளி வண்டியை 2,800 முன்பணம் கட்டி ஐந்து ஆண்டுக் கடனில் வாங்கினால் மாதம் 514 வெள்ளி 50 காசு. மொத்தம் 33,670 வெள்ளி. மாதத் தவணையில் வித்தியாசம் 120 வெள்ளிதான். மொத்தத்தில் வித்தியாசமோ 24,000 வெள்ளிக்கு மேல்! தவணையை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு இந்த 24,000 தெரிவதே இல்லை.

ஆகவே கடன் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். வட்டி முதற்கடன் முழுவதன் மேலா, குறைந்துவரும் பாக்கியின் மேலா? கடைசித் தவணை வரை கட்டும் மொத்தத் தொகை எவ்வளவு? முன்கூட்டியே கட்டி முடித்தால் எவ்வளவு குறையும்? பதிலை வாயால் கேட்டால் போதாது. தாளில் வாங்க வேண்டும்.

2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆயிற்று. அந்தச் சம்பளத்தில் 634 வெள்ளி என்பது மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம். அதன்மேல் காப்புறுதி, சாலை வரி, எண்ணெய், டயர். டீசல் விலையும் பழைய விலையன்று. 2024 ஜூன் 10ஆம் நாள் தீபகற்பத்தில் லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிக்கு அந்த ஒரு நாள் ஏற்றத்தால் மட்டும் மாதம் 180 வெள்ளி கூடிற்று. மழைக்காலத்தில் வெட்டு இல்லாத நாள்களும் உண்டு; இலையுதிர்ந்து பால் குறையும் மாதங்களும் உண்டு. தவணைக்கு மழையும் தெரியாது, இலையுதிர் காலமும் தெரியாது. நம் யோசனை இது: நல்ல மாதச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடாதீர், மோசமான மாதச் சம்பளத்தை வைத்துப் போடுங்கள். பழைய வண்டி எதுவானாலும் முதல் ஆண்டுப் பழுதுக்கென்று சில ஆயிரம் வெள்ளியைத் தனியே வைத்துக்கொண்டுதான் வாங்க வேண்டும்.

பெயர் யாருடையது?

இவை எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று உண்டு. காப்பிக் கடையில் அதை யாரும் கேட்பதில்லை. வண்டி யார் பெயரில் இருக்கிறது?

நாம் அறிந்த வெட்டுக்காரர் ஒருவர், கெட்ட பழக்கம் எதுவும் இல்லாத உழைப்பாளி, "சம்போங் பாயார்" முறையில் ஒரு பிக்கப் எடுத்தார். அதாவது, வங்கிக் கடன் தீராத வண்டியை, பெயர் மாற்றாமல், மீதித் தவணையைக் கட்டுவதாகச் சொல்லி வாங்கினார். முன்பணம் 8,000 வெள்ளி. மாதம் 620 வெள்ளி. பதினான்கு மாதம் ஒரு மாதமும் தவறாமல் முதல் ஆளின் கையில் கொடுத்தார். அந்த ஆள் வங்கியில் கட்டவில்லை. ஒரு விடியற்காலை, பெரட்டுக்குப் புறப்படும் நேரத்தில், இழுவை லோரி லயத்து வாசலில் வந்து நின்றது. மொத்தம் 16,680 வெள்ளி போயிற்று. அலுவலகத்துக்கு வந்து அவர் காட்டியதெல்லாம் பள்ளிக்கூட நோட்டுத் தாளில் எழுதிய ஒரு கடிதம். அதை வைத்துக்கொண்டு எந்தக் கதவைத் தட்டுவது?

கடன் தீரும்வரை அத்தகைய வண்டி வங்கியின் உடைமை. வங்கியின் சம்மதமின்றி அதைக் கைமாற்றுவது சட்டத்துக்குப் புறம்பு. 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி, அடுத்தடுத்து இரண்டு தவணை தவறினால் வங்கி எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து, 21 நாள் கழிந்தபின் வண்டியை எடுக்க வழி உண்டு. அந்த அறிவிப்பு யாருக்குப் போகும்? பத்திரத்தில் பெயர் உள்ளவருக்குப் போகும். தவணையை உண்மையாகக் கட்டியவருக்கு இழுவை லோரிதான் அறிவிப்பு.

ஆகவே கிராண்டில் உள்ள பெயரும் விற்பவரின் அடையாள அட்டைப் பெயரும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். வங்கிக் கடன் பாக்கி உண்டா, அபராதச் சம்மன் உண்டா என்று விசாரிக்க வேண்டும். புஸ்பகோம் போன்ற அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் பரிசோதித்து, சாலைப் போக்குவரத்து இலாகாவில் பெயர் மாறியபின்பே முழுப்பணமும் கைமாற வேண்டும். பெயர் மாற்றப் பரிசோதனை என்பது பெரும்பாலும் சாசி எண்ணும் எஞ்சின் எண்ணும் சரியா என்று பார்ப்பது; எஞ்சினின் ஆயுளுக்கு அது உத்தரவாதமன்று.

சொந்தப் பயனுக்காகக் கடையில் வாங்கிய வண்டியில் மோசடி கண்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அது விசாரிக்கும், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் ரசீதும் ஒப்பந்தமும் கையில் இருக்க வேண்டும்.

கிராணிமாருக்கும் ஒரு சொல். ஜாமீன் கையெழுத்துக் கேட்டு நம்மிடம் வருவார்கள். முகதாட்சண்யத்துக்காகப் போடும் கையெழுத்து நாளைக்கு நம் சம்பளத்தில் கை வைக்கும். மறுப்பதும் நட்புத்தான். அதைவிட மேலான உதவி, மலாயிலும் ஆங்கிலத்திலும் உள்ள பத்திரத்தை உட்கார்ந்து வரிவரியாகத் தமிழில் படித்துச் சொல்வது. அந்த உதவியைச் செய்ய எந்தக் கிராணியும் தயங்கலாகாது.

தனியே போகாதீர்

1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, துண்டாடப்பட்டு விற்கப்படும் தோட்டங்களைத் தொழிலாளர்களால் வாங்க முடியுமா என்று சிரித்தவர் உண்டு. மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய வெட்டுக்காரர்களின் பணம் தோட்டங்களையே வாங்கியது. அவ்வளவு பெரிய காரியத்தைக் கூடிச் செய்த மக்கள், இன்று ஒரு பழைய பிக்கப்பை வாங்கத் தனித்தனியே போய் ஏமாறுவது நமக்குப் பெருமையா?

ஒவ்வொரு கிளையிலும் மூன்று பேர் போதும். எஞ்சின் அறிந்தவர் ஒருவர், பத்திரம் படிக்கத் தெரிந்தவர் ஒருவர், கணக்குப் போடுபவர் ஒருவர். வண்டி வாங்க நினைக்கும் உறுப்பினர் பணம் கொடுக்குமுன் இவர்களிடம் வரட்டும். இருவர் மூவர் கூடி ஒரு வண்டி வாங்குவதானால், யார் பெயரில், யார் எவ்வளவு போட்டார், பிரிந்தால் எப்படித் தீர்ப்பது என்பதை முதல் நாளே எழுதிக் கையெழுத்திடட்டும்.

எந்த வேலைக்கு என்பதை முதலில் கேட்போம். பெயர் யாருடையது என்பதை இரண்டாவது கேட்போம். கடைசி வெள்ளி வரை எவ்வளவு என்பதை மூன்றாவது கேட்போம். அடியில் குனிந்து பார்ப்போம். இவை முடிந்தபின், "மீட்டர் எவ்வளவு?" என்று தாராளமாகக் கேட்போம். விடியுமுன் எழுந்து, விளக்கை நெற்றியில் கட்டிக்கொண்டு, கொசுக்கடியில் நின்று சம்பாதித்த பணம் இது. நிறுவையில் ஒரு கிலோ குறைந்தால் சங்கத்துக்கு ஓடி வரும் நாம், 40,000 வெள்ளியைக் கொடுக்குமுன்னும் ஒரு முறை சங்கத்துக்கு வருவோமாக.